தாழம்பாய்

பகல் ஒன்று இருபதுக்கு மறுபடியும் ஃபோன் அடித்தது. பார்கவி தகன மண்டபத்திலிருந்து வெளியே வந்து கார்களுக்கு நடுவே நடந்தாள்.

"இன்னும் விடலம்மா." அப்பாவின் நண்பர் பழனிசாமி விமான நிலையத்திலிருந்து பேசினார். ஃபிஜியிலிருந்து காலையில்தான் மெல்பர்னில் இறங்கியிருந்தார்.

"என்ன சொல்றாங்க அங்கிள்?"

"இந்தப் பாய் எதுக்குன்னு சுங்க ஆபீசர் கேட்டான். டெட் பாடி மேட்னு சொன்னேன்."

அவள் நின்றாள். "பொணம் கிடந்த பாய்னு நினைச்சிருப்பாங்க அங்கிள்."

"அதான் ரெண்டு பேரு கையுறை மாட்டிக்கிட்டு வந்துட்டானுங்க."

அப்பா வாசுதேவன் வாழ்நாள் முழுக்க ஒன்றைத்தான் ஆராய்ந்தார். வெள்ளைக்காரர் ஆட்சியில் ஃபிஜிக்கு வந்திறங்கிய துணிக்கும் புகையிலைக்கும் போட்ட சுங்கத் தீர்வை. தீவுக்காரர்கள் கொப்பரை விற்றுத் துணி வாங்கினார்கள். தீர்வையும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. சாப்பாட்டின்போது அவர் இதை ஆரம்பித்தால் அம்மா ரசத்தை ஊற்றிவிடுவாள்.

ஃபிஜி போனால் பழனிசாமி வீட்டில் தங்குவார். அங்கிருந்து படகில் ஒரு கிராமத்துக்குப் போவார். போன மாதம் மருத்துவமனையில், அந்தக் கிராமத்துப் பெண்கள் தனக்குத் தாழை ஓலையில் ஒரு பாய் முடைகிறார்கள் என்றார். "அதுலதான் என்னைக் கிடத்தணும்." பார்கவி சரி என்றாள். அவர் அவளிடம் எதையும் கேட்டவரல்ல.

அம்மா வைதேகி வாசலுக்கு வந்தாள்.

"ரெண்டு மணிக்கு அடுத்தவங்க வர்றாங்களாம். உள்ள வா."

"பாய் வரட்டும்மா."

"கோடி வேட்டி போட்டாச்சு. பாய் என்னடி பாய்? செத்தும் அந்தச் சுங்கம் இந்த மனுஷனை விடல பாரு." மூக்குக் கண்ணாடி கோணியிருந்தது. அவள் அதைச் சரிசெய்யவில்லை.

"அங்கிள், ஃபோனை ஆபீசர்கிட்ட குடுங்க."

ஆங்கிலத்தில் சொன்னாள். புதுப் பாய். யாரும் படுக்காதது. என் அப்பாவுக்கு.

அப்பாவும் இந்த விமானத்தில் வந்தாரா என்று அதிகாரி கேட்டார்.

காலையிலிருந்து அந்தச் சொல்லை அவள் சொல்லாமல் தப்பித்திருந்தாள். இப்போது சொன்னாள். பார்க்கிறேன், என்றார் அதிகாரி.

அவள் வேலிவரை போனாள். திரும்பினாள். மறுபடி போனாள். கறுப்புக் கோட்டு அணிந்த மண்டபத்துப் பணியாளர் கதவைப் பிடித்தபடி அவளையே பார்த்தார். அவள் ஒரு விரலைக் காட்டினாள். அவர் தலையசைத்தார், ஆனால் கதவை விடவில்லை. அடுத்த குடும்பத்தின் முதல் கார் உள்ளே திரும்பியது.

வைதேகி மகளைக் கூப்பிடாமல் உள்ளே போனாள். அப்பாவின் சவப்பெட்டி வண்டியின் சக்கரங்கள் உருளத் தொடங்கின.

"பார்கவி! விட்டுட்டாங்கம்மா! பூச்சி ஒண்ணும் இல்லையாம். டாக்சி பிடிச்சா முக்கால் மணி நேரத்துல வந்துருவேன்."

அவள் கதவைப் பார்த்தாள்.

"சுங்க ஃபார்ம்ல எழுத மதிப்பு எவ்வளவுன்னு மட்டும் கேக்கறாரு. இது கடையில வாங்கினது இல்லையே. என்னம்மா சொல்லட்டும்?"