தலை தட்டி இரண்டு ஸ்பூன்

மனைவியை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போன காலையில், அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தன் வீட்டுச் சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவன் கைக்குப் பழக்கம். நடுவழியில் நின்றுபோன கூண்டுக்குள் ஆட்கள் கத்திக்கொண்டிருந்தாலும் பதறாமல் ஒவ்வொரு வயராகப் பிடித்துப் பார்ப்பவன். ஆனால் உப்பென்று நினைத்துத் திறந்த டப்பாவில் சோப்புத்தூள் இருந்தபோது அவன் பதறிப்போனான்.

உப்பு கிடைக்காவிட்டால் போகட்டும். அவன் கவலையெல்லாம் மிளகைப் பற்றித்தான்.

மிளகு அவன் மகள். ஏழு வயது. ஆளும் சின்னது, பேச்சும் காரம் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறந்த வாரத்திலேயே பால் குடிக்க மறுத்து, துணி பொம்மை மாதிரி துவண்டு போனவள். லட்சத்தில் ஒரு குழந்தைக்கு வருவது என்றார்கள். சாப்பாட்டில் இருக்கும் புரதத்தில் சில துண்டுகளை அவள் உடம்பால் செரித்து வெளியேற்ற முடியாது. அவை ரத்தத்தில் தேங்கினால் மூளைக்கு விஷம். அதனால் பால், முட்டை, பருப்பு, கறி எதுவும் கிடையாது. சோறுகூட அளந்துதான். அந்தத் துண்டுகள் மட்டும் இல்லாமல் செய்த ஒரு மாவைக் கரைத்துக் குடித்துத்தான் அவள் வளர்ந்தாள். மாவின் அளவு குறையக்கூடாது, காய்ச்சல் வந்தால் பட்டினி போடக்கூடாது. உடம்பு தன் தசையையே கரைத்து அந்த விஷத்தை உண்டாக்கிவிடும். சாப்பிட முடியாவிட்டால் உடனே சர்க்கரை ட்ரிப் ஏற்ற வேண்டும்.

இவ்வளவும் அவனுக்குத் தெரியும். தெரியாதது, தினமும் காலையில் மனைவி என்ன செய்வாள் என்பது. அவன் எழுந்து வரும்போது டம்ளர் தயாராக மேசையில் இருக்கும். ஏழு வருடமாக அப்படித்தான்.

பள்ளிக்கூடம் ஒன்றைத் தொற்று முகாமாக்கி அங்கே அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். போனில் மூச்சு வாங்க வாங்கப் பேசினாள்.

"ஏங்க, மாவு... தலை தட்டி ரெண்டு ஸ்பூன். வெதுவெதுப்பான தண்ணி."

"எந்த ஸ்பூன்?"

இருமல் சத்தம். பிறகு லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால் யாரோ ஒரு நர்ஸ், "அவங்களுக்கு ஆக்சிஜன் வச்சிருக்கோம், இப்ப பேச முடியாது சார்" என்றாள்.

அலமாரியில் இரண்டு ஸ்பூன்கள் இருந்தன. நீலம் பெரியது, வெளிநாட்டிலிருந்து வழக்கமாக வரும் டப்பாவோடு வந்தது. விமானங்கள் நின்ற பிறகு அந்த டப்பா வரவில்லை. எங்கிருந்தோ வேறு கம்பெனி டப்பா ஒன்றை அவள் பிடித்து வாங்கியிருந்தாள். அதற்குள் கிடந்த ஸ்பூன் வெள்ளை, சிறியது. டப்பா மேல் இருந்த எழுத்து எந்த மொழி என்றே அவனுக்குப் புரியவில்லை.

"அம்மா எதுல போடுவாங்க, மிளகு?"

"வெள்ளை," என்றாள். சற்று யோசித்து, "இல்ல, நீலம்," என்றாள். "நீ எதுல போட்டாலும் நாத்தம்தான் அடிக்கும்ப்பா."

புது டப்பாவுக்குப் புது ஸ்பூன் என்பதுதானே முறை என்று அவன் வெள்ளையை எடுத்தான்.

மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்க்கும் ஆஸ்பத்திரிப் பிரிவுக்குப் போன் போட்டான். அந்தக் கூடம் முழுக்கக் கட்டில் போட்டுவிட்டார்களாம். அளவு சொல்லும் உணவு நிபுணர் அம்மாவை வார்டு நோயாளிகளின் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ள அனுப்பிவிட்டார்களாம். அவர் கைபேசி அணைந்தே கிடந்தது. உதவி எண்ணைக் கூப்பிட்டால், "இருமல் இருக்கா? மூச்சுத் திணறல்? ரெண்டும் இல்லைன்னா வீட்டிலேயே இருங்க" என்று ஒரு குரல் சொல்லி வைத்துவிட்டது. ஸ்பூனைப் பற்றி எந்தக் குரலிடம் கேட்பது?

சில நாட்கள் ஓடின. அவனும் பழகிவிட்டதாகத்தான் நினைத்தான். மிளகுக்கான தனி பிஸ்கட் தீர்ந்துபோனதும், "இந்த சாதா பிஸ்கட் ரெண்டு அம்மா எப்பவாவது தருவாங்க" என்று அவள் சத்தியம் செய்ய, அவனும் கொடுத்தான். அவள் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் லேசாகச் சந்தேகம் தட்டியது. அதற்குள் ஒன்று வாய்க்குள் போய்விட்டது.

மறுநாள் மதியம் அவளுக்கு உடம்பு சுட்டது. சாப்பிட மாட்டேன் என்று தட்டைத் தள்ளினாள். நடந்து வரச் சொன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு கோணல்மாணலாக வந்தாள். முதலில் விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தான். பிறகு அவள் பேச்சு குழறியது. கழிவறைப் பக்கம் போனவன் மூக்கில் அந்த வாசனை ஏறியது. கருகிய சர்க்கரை வாசனை. அவள் பிறந்த வாரத்தில் துணிகளில் அடித்த அதே வாசனை.

அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். வாசலிலேயே காய்ச்சல் பார்த்துத் தொற்று வரிசையில் உட்கார வைத்தார்கள். வீட்டில் யாருக்காவது தொற்று உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றதும் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் எழுந்து தள்ளிப் போனார்.

பாதுகாப்பு உடைக்குள் முழுதாக மூடிக்கொண்ட ஒரு டாக்டர் அம்மா வந்தார். கண் மட்டும்தான் தெரிந்தது, தூக்கமில்லாத கண்.

"என்ன பண்ணுது குழந்தைக்கு?"

"மேடம், ஒண்ணுக்குப் போனா சர்க்கரை வாசனை வருது. உடனே சர்க்கரை ட்ரிப் போடணும்."

"சுகர் நோயா? சுகர் இருக்கிற குழந்தைக்குச் சர்க்கரை ஏத்தச் சொல்றீங்களா?"

"சுகர் இல்ல மேடம். வாசனை மட்டும்தான் சர்க்கரை. இது புரதம்."

"புரதமா?"

அவனுக்கே தான் பேசுவது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. நோயின் பெயர் நாக்கு நுனியில் நின்றது, வரவில்லை. அதைச் சொல்வது எப்போதும் மனைவியின் வேலை. அவள் எண்ணை அழுத்தினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அவளே எடுத்தாள்.

"மிளகு துவண்டுட்டா. டாக்டர்கிட்ட பேரைச் சொல்லு. பேரை மட்டும் சொல்லு போதும்."

மறுமுனையில் மூச்சை இழுத்துப் பிடித்து ஒவ்வோர் எழுத்தாக அவள் சொன்னாள். டாக்டர் காதைப் போன் பக்கம் சாய்த்துக் கேட்டார்.

"படிச்சிருக்கேன். பார்த்ததில்ல," என்றார் நேராக. மிளகின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். "சர்க்கரை கம்மியாத்தான் இருக்கு. அப்ப ட்ரிப் போடறதுல தப்பில்ல. போட்டுட்டே விசாரிக்கிறேன்."

அவர் எங்கெங்கோ போன் பேசினார். புரதத்தை முழுக்க நிறுத்தினார்கள், ட்ரிப்பை ஓடவிட்டார்கள். மிளகு இரண்டு நாள் கண்ணைத் திறந்து யாரையும் அடையாளம் தெரியாமல் பார்த்தாள். மூன்றாம் நாள், "அந்த மாமா ஏன் ராக்கெட்ல போற மாதிரி டிரஸ் போட்டிருக்காரு?" என்று கேட்டாள். மெக்கானிக் வராந்தாவுக்குப் போய்ச் சுவரோடு நெற்றியை ஒட்டி நின்று அழுதான்.

வீட்டுக்குப் போகும் முன் டாக்டரிடம் கேட்டான். "என்னால வந்ததா மேடம்? ஸ்பூன் மாறிப் போச்சா, பிஸ்கட்டா?"

"காய்ச்சலே போதும் இப்படி ஆக. ஸ்பூனாவும் இருக்கலாம். எல்லாம் சேர்ந்தும் இருக்கலாம்." அவர் தோளைக் குலுக்கினார். "சொல்லத் தெரியல சார்."

மனைவி இளைத்து, குரல் கம்மித் திரும்பி வந்தாள். மிளகு இன்னும் படியிறங்கும்போது கையைத் தேடினாள். பிள்ளை தூங்கிய பிறகு அவன் எல்லாவற்றையும் ஒப்பித்தான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான்.

"நான் நீலத்துலதான் போட்டேன்," என்றாள்.

"அப்ப நான் பாதிதான் கொடுத்திருக்கேன்."

"இருங்க. நீலம் சரின்னு எனக்கு யார் சொன்னா? புது மாவு வேற, பழைய மாவு வேற. கேக்க ஆளில்ல. ரத்தம் எடுத்துப் பார்த்து எத்தனை மாசம் ஆச்சு? அவ நடக்கிறதைப் பார்ப்பேன், கோவப்படறாளான்னு பார்ப்பேன், அதை வச்சுக் குத்துமதிப்பா கலக்குவேன். சில நாள் ஒண்ணரை."

"தலை தட்டி ரெண்டுன்னு சொன்னியே?"

"மூச்சு முட்டுது, நீங்க கேக்கறீங்க. ஏதோ ஒண்ணு சொல்லணுமே."

ஏழு வருடமாக அந்த டம்ளருக்குப் பின்னால் இருந்தது எல்லாம் தெரிந்த ஒருத்தி என்று நம்பியிருந்தான். இப்போது பார்த்தால், கொஞ்ச மாதமாக அவளும் இருட்டில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்திருக்கிறாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தான். நீ எப்போது கேட்டாய் என்று அவள் திருப்பிக் கேட்டால்?

தொற்று கொஞ்சம் அடங்கியதும் ரத்தம் பார்க்கும் அந்தப் பிரிவை ஒரு மூலை அறையில் திறந்தார்கள். மிளகிடம் ரத்தம் எடுத்தார்கள். வாரம் கழித்து உணவு நிபுணர் அம்மா போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டு இருவரும் குனிந்து கேட்டார்கள்.

"ரத்தத்துல அளவு கொஞ்சம் கூடுதல்தான். ஆனா பயப்படற அளவு இல்ல. வேற பிள்ளைங்க நிலைமையைப் பார்த்தா உங்க பொண்ணு தேவலை. டாக்டர் அடுத்த மாசம்தான் வருவாரு. அதுவரைக்கும் இப்ப எப்படிக் கொடுக்கறீங்களோ இப்படியே கொடுங்க. பின்னால நிறையப் பேர் காத்திருக்காங்க, வைக்கட்டுமா?"

வைத்துவிட்டார்.

"இப்படியேன்னா?" என்றான் அவன். "திங்கள், புதன் நான் கலக்கறது. மத்த நாள் நீ."

"நீங்க கொஞ்சம் கம்மியா போடறீங்க."

"நீ கொஞ்சம் கூட போடற."

திரும்பக் கூப்பிட்டார்கள்; லைன் பிஸியாக இருந்தது. உள்ளே மிளகு, பசிக்கிறது என்று கத்தினாள். மனைவி எழுந்தாள். அவனும் கூடவே எழுந்து போனான்.