மஞ்சள் மாடியில் மகாராஜா

இடைசெவல் மகாராஜாவுக்குப் பெயரில்தான் ராஜ்யம். கையில் இருந்தது ஒரு லோடு ஆட்டோ. புதியம்புத்தூரில் தைக்கிற சட்டைகளை ஏற்றி ஊர் ஊராக இறக்குவார், இருட்டினால் குடிப்பார். ஐப்பசி மழையில் ஒருநாள் தள்ளாடி உளுந்துக் காட்டுக்குள் இறங்கியவரைக் கரிசல் மண் முழங்கால் வரை கவ்விக்கொண்டது. காலையில் காட்டுக்கு வந்தவர்கள் சேர்ந்து இழுத்தார்கள். ஆள் வந்தார், வேட்டி வரவில்லை.

சுளுக்கிய காலுக்குக் கட்டுப் போட்ட நர்ஸ் ஆனந்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு போன் நம்பர் கொடுத்தாள். "குடியை விட்டவிய கூடிப் பேசுத இடம் அண்ணாச்சி. ஒரு தடவை போய் உட்காருங்க."

போன் செய்தார். "கோவில்பட்டியில, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, மஞ்சள் கட்டடம், மாடி. ஞாயித்துக்கிழமை காலையில வாங்க" என்றது ஒரு குரல். அங்கே என்ன சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். பஸ்ஸில் வழி நெடுக அதையே உதட்டுக்குள் உருட்டிக்கொண்டு வந்தார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மஞ்சள் கட்டடம் இரண்டு இருந்தது அவருக்குத் தெரியாது. முதலாவதில் ஏறிவிட்டார்.

மாடியில் கதவு திறந்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்களும் பெண்களும் எதிரெதிராக உட்கார்ந்து, யாரும் பேசாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதேதான் என்று முடிவு கட்டினார். "வாங்க, வாங்க" என்று இரண்டு பக்கமும் வரவேற்றார்கள். உட்கார்ந்ததும் ஒரு பெண் கேசரித் தட்டை நீட்டினாள். குடியை விட வந்தவனுக்கு இவ்வளவு மரியாதையா என்று அவருக்குக் கண் கலங்கியது.

மீசைக்காரப் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "எல்லாரும் இப்படி மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டிருந்தா எப்படி? அண்ணாச்சி, நீங்க நாலு வார்த்தை சொல்லி ஆரம்பிச்சு வையுங்க."

மகாராஜா எழுந்தார். கைகூப்பினார்.

"எல்லாருக்கும் வணக்கம். எம் பேரு மகாராஜா. நான் ஒரு குடிநோயாளி."

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரைப் பார்த்தார்கள். மகாராஜாவுக்குப் பேச்சு மடை திறந்துவிட்டது. கரிசல் சகதி, உளுந்துக் காடு, வேட்டி போன வகை, ஒன்று விடாமல் சொன்னார்.

"உங்க ஆளு என்னவே இப்படிச் சொல்லுதாரு?" என்றார் மீசைக்காரர்.

"எங்க ஆளா? உங்க சொந்தம்னுல்லா நெனச்சோம்!" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

கேசரி கொடுத்த பெண்ணுக்குத்தான் முதலில் விளங்கியது. அவள் செல்வமாரி, கல்யாணம் பேசி முடிக்கவிருந்ததே அவளுக்குத்தான். தட்டைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். மாப்பிள்ளைப் பையனுக்கும் தொற்றிக்கொண்டது. வந்ததிலிருந்து ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்காத இருவரும் இப்போது பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள்.

மகாராஜாவுக்குக் காது சிவந்தது. வாசலுக்குத் திரும்பியவரின் தோளில் ஒரு கை விழுந்தது. செல்வமாரியின் தாய்மாமா முத்துகிருஷ்ணன்.

"அண்ணாச்சி, அந்தக் கூட்டம் அடுத்த கட்டடத்துல. வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

"உனக்கு எப்படிடா தெரியும்?" என்றாள் அவர் அக்கா.

முத்துகிருஷ்ணன் பிடரியைச் சொறிந்தார். "வாராவாரம் போறேன்லா!"

"திருச்செந்தூருக்கு மாலை போட்டதுல குடி நின்னுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேனே, பாவி!"

"முருகன் பாதி, கூட்டம் பாதின்னு வச்சிக்கோக்கா."

மறுபடி ஒரு சிரிப்பு. "மாமா வராம தட்டு மாத்த விடமாட்டேன். முடிஞ்சதும் அந்த அண்ணாச்சியையும் கூட்டிட்டு வரணும்" என்று வாசல் வரை வந்து சொன்னாள் செல்வமாரி.

அடுத்த கட்டடத்து மாடியில் ஒரு சின்ன அறை, ஒரு பானைத் தண்ணீர், ஏழெட்டுப் பேர். மகாராஜா இரண்டாம் தடவையாகத் தன் பெயரைச் சொல்ல எழுந்தார். பாதியில், இப்போதுதான் பக்கத்து மாடியில் சொன்னதையும் சொல்லித் தொலைத்தார். ஒரு முதியவர் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்தே நழுவினார். "நான் முதல் தடவை வந்தப்ப வாசல்ல நின்னு அழுதேன்வே, நீரு கேசரி தின்னுட்டு வந்திருக்கீரு!" பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொன்னார்கள். சிலவற்றில் சிரிக்க ஒன்றுமில்லை. கேட்டுக்கொண்டிருந்த மகாராஜா, தான் முத்துகிருஷ்ணனின் கையைப் பற்றியிருந்ததைக் கூட்டம் முடியும்வரை அறியவில்லை. அடுத்த வாரமும் வருவதாகத் தானாகவே சொன்னார்.

கீழே இறங்கியதும் மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏட்டி வெள்ளைத்தாயி, மத்தியானச் சாப்பாடு எனக்கு இங்கன ஒரு விசேஷ வீட்டுல. நான் மாப்பிள்ளைக்கும் சொந்தமில்ல, பொண்ணுக்கும்..." அதற்குமேல் சிரிப்பு விடவில்லை.

"குடிச்சிருக்கீங்களா?"

"சத்தியமா இல்லட்டி!"

"குடிக்காதவிய இப்படியா சிரிப்பாவ? பக்கத்துல யாரு இருக்கா? அவியகிட்டக் குடுங்க."

முத்துகிருஷ்ணன் போனை வாங்கினார். "வணக்கம் தாயி" என்றவர், மகாராஜா முகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், அவராலும் பேச முடியவில்லை. பஸ் ஸ்டாண்டு வெயிலில் இரண்டு நடு வயது ஆண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து குலுங்குவதைப் போகிற வருகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். போனுக்குள் வெள்ளைத்தாய், "என்னன்னு சொல்லிட்டுச் சிரிங்களேன்" என்று சொல்லும்போதே அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.