சண்டைக்கு நேரம் போடாத கல்யாணம்

மண்டபமாக மாறிய பழைய பஞ்சுக் கிடங்கில் நடந்த அந்தக் கல்யாணத்தின் சாயங்காலம் ஒன்பது நாள் நீடித்தது. ஒன்பது நாளும் சூரியன் ரயில் பட்டறைச் சுவருக்கு மூன்று விரற்கடை மேலே அப்படியே நின்றது. இது சவரக்கடைக்காரர் ஊர்க்காரர்களின் தாடியை வைத்துச் சொன்ன கணக்கு. கூடக் குறைய இருந்தால் அரை நாள் இருக்கலாம். அந்த ஒரு சாயங்காலத்தில் பதினான்கு பல், இரண்டு காதுமடல், ஒரு கண் போயின. நூற்றுப் பத்து நாற்காலி உடைந்ததாக மண்டபத்துக்காரர் சொல்கிறார். அவர் எதிலும் பத்து கூட்டிச் சொல்பவர்.

எல்லாவற்றுக்கும் பட்டியல்தான் காரணம். அதை எழுதியவர் நேரக்காரி. இருபத்திரண்டு வருஷம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக விசில் ஊதியவர். அவர் உட்கார்ந்திருந்த டைம் கீப்பர் கூண்டை இடித்த பிறகு போட்டோக்காரர் அவரைக் கூப்பிட்டுக் கல்யாண நாளுக்கு நேரப் பட்டியல் போடும் வேலையைக் கொடுத்தார். போட்டோவுக்கு வெளிச்சம்தான் முதலாளி. வெளிச்சம் வரும்போது ஆள் இல்லை என்றால் பணமும் பட்டுத்துணியும் இருந்து பயனில்லை. அதனால் பத்து நாள் முன்பே நேரக்காரி ஒரு ஸ்டூலையும் சுண்ணக்கட்டியையும் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போய்விடுவார். எந்த ஜன்னல் வெயில் எத்தனை மணிக்கு எந்தத் தரையைத் தொடுகிறது என்று உட்கார்ந்து பார்த்துக் கோடு போடுவார். பிறகு இரண்டு வீட்டுக்கும் போய் விசாரிப்பார்: பெண்ணுக்குத் தலை சீவ எத்தனை நிமிடம், எந்த மாமாவுக்கும் எந்த மாமாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, யார் குடித்தால் அழுவார், யார் குடித்தால் கை நீட்டுவார். எல்லாம் பென்சிலில் ஏறும். அவர் எழுதிய வரி அந்த நிமிடத்தில் தொடங்கும். ஒரு வரி தொடங்க முடியாமல் போனால் பொழுது காத்திருக்கும். ஒரு தடவை பெண்ணின் உடையில் ஜிப் மாட்டிக்கொண்டு, உச்சி வெயில் இருபத்தைந்து நிமிடம் அசையாமல் நின்றது. டீக்கடையில் பால் பொங்கவில்லை. ஜிப் ஏறியதும் எல்லாம் ஓடத் தொடங்கியது. ஊரில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை; பஸ்ஸே அவருக்காக நின்றிருக்கிறது, சூரியன் நின்றால் என்ன என்று விட்டுவிட்டார்கள்.

பெண்ணின் அப்பா டயர் பட்டறைக்காரர். எழுத்து தெரியாதவர், லாரி டயரை ஒற்றைக் கையால் நெம்பிக் கழற்றுவார். பெண் எடைமேடையில் லாரிகளின் எடையைச் சீட்டில் எழுதும் வேலையில் இருந்தாள். மாப்பிள்ளை கண்ணாடி அறுப்பவர், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அவருடைய பெரியப்பா பழைய இரும்பு வியாபாரி, ஊரில் இரும்பு என்றே பெயர். இரண்டு குடும்பமும் மூன்று தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவை, எல்லாக் கல்யாணத்திலும் அடித்துக்கொண்டவை. அரை மணி நேரம் அடித்துக்கொள்வார்கள், தண்ணீர் குடிப்பார்கள், ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பழைய ஆல்பங்களில் முன்வரிசை முழுக்கக் கட்டுப் போட்ட தலைகள்.

மாப்பிள்ளையின் அத்தை இதை நேரக்காரியிடம் முன்கூட்டியே சொன்னார். "இந்தாம்மா, மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாடி சண்டைக்கு ஒரு அரை மணி நேரம் போட்டுக்கோ. அது முடிஞ்சாத்தான் எங்க ஆளுங்களுக்குச் சோறு இறங்கும்."

"சண்டைக்கெல்லாம் என் பேப்பர்ல இடம் கிடையாதுங்க. பல்லு தேய்க்கக்கூட நேரம் போடுவேன், பல்லு உடைக்க மாட்டேன்."

"நீ போடலேன்னா அது வராம இருந்துடுமா? அழையா விருந்தாளிம்மா அது. எப்ப வரும்னு தெரியாது, எப்பப் போகும்னும் தெரியாது."

நேரக்காரி சிரித்துவிட்டு வந்தார். நிமிடத்துக்கு நிமிடம் வேலையை நிரப்பி, கை ஓங்க இடைவெளியே இல்லாமல் பட்டியல் போட்டார். சொல்லப்போனால் அது அவர் போட்டதிலேயே அழகான பட்டியல். காலை ஆறு மணி அலங்காரத்திலிருந்து கையெழுத்து, மோதிரம், சாப்பாடு வரை ஒரு நிமிடம் பிசகவில்லை. ஐந்து இருபதுக்கு மேற்குச் சுவர் மஞ்சளாகப் பழுத்தது. அங்கே பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அடுத்த வரி ஐந்து நாற்பது: நாற்பத்தாறு பேர், இரண்டு குடும்பமும் சேர்ந்து, ஒரே படம். அதற்கடுத்தது ஆறு ஐந்து: சூரியன் மறைவு, வழியனுப்பு.

ஐந்து முப்பத்தெட்டுக்கு, நடு நாற்காலி யாருக்கு என்று பெண்ணின் அப்பாவும் இரும்பும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். நாற்காலியின் கால் முறிந்தது. முறிந்த கால் இரும்பின் கையில் இருந்தது. அதை அவர் கீழே போடவில்லை.

சண்டை பட்டியலில் இல்லாததால் அதற்கு முடியும் நேரமும் இல்லை. இது யாருக்கும் உடனே புரியவில்லை. அரை மணி ஆகியிருக்கும் என்று மூச்சு வாங்க நின்று மேலே பார்த்தார்கள், சூரியன் அங்கேயே இருந்தது, கடிகாரங்கள் ஐந்து முப்பத்தெட்டில் நின்றிருந்தன. மறுபடி அடித்துக்கொண்டார்கள். அத்தை போட்டோக்காரரின் முக்காலியைப் பிடுங்கிச் சுழற்றியதில் பெண்ணின் சித்தப்பாவுக்குத் தாடை இறங்கியது. நாத்தனாரின் முன்பற்கள் இரண்டும் மணப்பெண்ணின் கைங்கரியம். கூட்டத்தை விலக்கப் போன மாப்பிள்ளைக்குத் தட்டின் விளிம்பு பட்டு இடது கண் போயிற்று. போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து வாசலில் இறங்கி, பட்டியலை வாங்கிப் படித்து, "என் டூட்டி ஆறு மணிக்குத்தான் ஆரம்பம்" என்று சொல்லி, ஆறு மணி ஆகட்டும் என்று தின்பண்டக் கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். ஒன்பது நாளும் அங்கேதான் இருந்தார்.

மூன்றாம் நாள் வாக்கில் கோபம் தீர்ந்துபோனது. கைதான் ஓயவில்லை. "மன்னிச்சுக்கோ மாமா" என்று அழுதுகொண்டே மூக்கில் குத்தினார்கள். குத்து வாங்கியவர் "பரவாயில்லைப்பா, உன் மேல தப்பில்லை" என்று சொல்லித் திருப்பிக் குத்தினார். சுமை தூக்கிய கை மட்டும் அடிக்கவில்லை. அதனால் விழுந்தவரைத் தூக்கி ஓரமாகப் போடுவதற்குப் போட்டி இருந்தது. தூங்கும்போதும் கால்கள் உதைத்தன.

ஐந்தாம் நாள் இரும்பின் கைக்குச் சமையல்கட்டிலிருந்து கறி வெட்டும் கத்தி வந்து சேர்ந்தது. "மச்சான், நகர்ந்துக்கோ, என் கை என் பேச்சைக் கேக்கலை" என்றார்.

"எங்க நகர்றது, என் கையும் உன் கழுத்துலதானே இருக்கு" என்றார் பெண்ணின் அப்பா. கத்தி விலாவுக்குக் கீழே பிடி வரைக்கும் இறங்கியது. இரும்பு ஓவென்று அழுதார். இழுத்து இன்னொரு முறை குத்தினார்.

பெண் அப்பாவைத் தூக்கி அலங்கார அறைக்குள் கொண்டுபோய் மேசையில் கிடத்தினாள். காயத்தில் துணியை அழுத்திய கை அன்றிலிருந்து யாரையும் அடிக்கவில்லை. விருந்துக்கு வந்திருந்த டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இன்னிக்கு ராத்திரி தாண்டாதும்மா" என்றார். பெண் ஜன்னல் வழியே சூரியனைப் பார்த்தாள். ராத்திரி வந்தால்தானே தாண்டுவதற்கு. அந்த நிமிடத்திலிருந்து அவளுக்குச் சண்டை முடியக் கூடாது என்றாகிவிட்டது.

நேரக்காரியும் அதே சமயம் தன் பிழையைக் கண்டுபிடித்திருந்தார். பட்டியலையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் வந்து, சண்டைக்கு ஒரு வரி எழுதி நேரம் போட்டுவிட்டால் தீர்ந்தது என்றார். பெண் ஒரு கையைக் காயத்திலிருந்து எடுக்காமல், மறு கையால் துணி தேய்க்கும் பெட்டியை எடுத்து அவர் மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு விறகு முறிவதுபோல் முறிந்தது. பட்டியலை மடித்துத் தன் உடைக்குள் செருகிக்கொண்டாள். "எங்கப்பா இருக்கிற வரைக்கும் இது சாயங்காலம்தான்" என்றாள்.

வெளியே ஊர் நாறத் தொடங்கியது. கோழிகள் அடையவில்லை. கைக்குழந்தைகளுக்குத் தூங்காமல் கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. எல்லாரையும்விடக் கஷ்டம் நாள் கூலிக்காரர்களுக்கு. மூட்டை தூக்கியவர்கள் தூக்கிக்கொண்டே இருந்தார்கள். கூலி கேட்டால் நாள் முடியட்டும் என்றார் கணக்குப்பிள்ளை. ஒன்பதாம் நாள் எழுபது பேர் கையில் மூட்டைக் கொக்கியோடு மண்டபத்து வாசலுக்கு வந்து, உள்ளே போகலாமா வேண்டாமா என்று நின்றார்கள். முற்றத்தில் மாப்பிள்ளை மிச்சமிருந்த ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கையால் தன் தம்பியை அடித்துக்கொண்டிருந்தார்.

பெண்ணின் அப்பா அதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மாடி, எத்தனை நாளா நான் செத்துக்கிட்டே இருக்கேன்?"

"நாலு நாளுப்பா. பேசாதீங்க, ரத்தம் வருது."

"பேசலேன்னாலும்தான் வருது. பாதிச் சாவு வேணாம்மா எனக்கு. அந்தப் பேப்பர்ல எழுதிடு. சண்டையை நிறுத்து, எல்லாரும் சேர்ந்து ஒரு படம், அப்புறம் என்னையும் முடிச்சு எழுதிடு. இல்லேன்னா அந்தப் பையனுக்கு இன்னொரு கண்ணும் போயிடும்."

நேரக்காரியின் கை எழுதும் நிலையில் இல்லை. பென்சிலைப் பெண்ணிடம் கொடுத்தார். அவள் எடைச் சீட்டு எழுதும் குண்டெழுத்தில் எழுதினாள்: ஐந்து முப்பத்தெட்டு முதல் ஐந்து நாற்பது வரை சண்டை. அதற்குக் கீழே, ஐந்து ஐம்பத்தைந்து, மேற்குச் சுவர், அப்பாவும் மகளும் தனியே. அவ்வளவுதான் எழுதினாள். அப்பா படித்துக்காட்டச் சொன்னார். எழுதியதைப் படித்துவிட்டு, எழுதாத ஒரு வரியையும் சேர்த்துப் படித்தாள்: ஆறு இருபது, அப்பா. அவர் தலையாட்டினார்.

நேரக்காரி அவள் காதருகே குனிந்தார். "சாவா இருந்தாலும் ஆரம்பிச்சதுக்கு முடிவு போடணும்மா. போடலேன்னா என்ன ஆகும்னு வெளியே பார்."

"பார்த்துட்டேன். அதனாலதான் போடலை."

ஓங்கிய கைகள் ஒரு கணம் ஓங்கியபடி நின்று, பிறகு தலை சொறியப் போயின. நாற்பத்தாறு பேரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். நாற்காலி மிஞ்சாததால் பெண்ணின் அப்பாவை இரும்புதான் இரண்டு கையிலும் ஏந்தி நடுவில் நின்றார். மேற்குச் சுவரில் அப்பாவும் மகளும் நின்ற படத்தில் அவர் சிரிக்கிறார். அவர் இடுப்புக்குக் கீழே சுவர் முழுக்கச் சிவப்பு. ஆறு மணிக்குப் போலீஸ்காரர் எழுந்து பேன்ட்டைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். இரும்பு விலங்குக்குக் கையை நீட்டினார். ஆறு ஐந்துக்கு இருட்டியது. கூலிக்காரர்களுக்கு ஒரு நாள் கூலி கிடைத்தது. ஆறு இருபது ஆனது, ஏழு ஆனது, விடிந்தது, பெண்ணின் அப்பா செத்துக்கொண்டே இருந்தார்.

பதினோரு வருஷம் அப்படியே இருந்தார். காயம் ஆறவுமில்லை, புரையோடவுமில்லை. தினம் ஒரு டம்ளர் ரத்தம் போகும், வலி முதல் நாள் வலிதான். மகள் வீட்டு முன்னறையில் கட்டில். துணி மாற்ற அவள் குனியும்போதெல்லாம், "ஏமாத்திட்டியே, பாவி" என்பார். இரண்டு தடவை தண்ணீர்ச் செம்பால் அவள் நெற்றியைப் பிளந்தார். அவள் தன் நெற்றிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு அவருக்குத் துணி மாற்றினாள். நேரக்காரியிடம் கெஞ்சிப் பார்த்தார். ஒருவர் எழுதிய சீட்டை இன்னொருவர் கை திருத்தக் கூடாது என்பது பஸ் நிலையத்து முறை, திருத்தினால் செல்லாது என்று அவர் சொல்லிவிட்டார். இரும்பு ஆறு வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்து நேராகக் கட்டிலுக்கு வந்தார். "மச்சான், வேணும்னா நான் இன்னொரு தடவை குத்திப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார். பார்த்தார்கள், பலனில்லை.

அதற்குப் பிறகு பெண்ணின் அப்பா பேரப்பிள்ளைகளின் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்துக் கற்றார். இனி எவரும் தனக்கு இல்லாத வரியைப் படித்துக்காட்டக் கூடாது என்பதற்காக மட்டும். படிக்க வந்துவிட்டது, எழுத வரவில்லை, டயர் நெம்பிய விரல் பென்சிலுக்கு மடங்கவில்லை. படிப்பு வந்த நாளிலிருந்து மகளைத் திட்டுவதை நிறுத்தினார். சாகடி என்று கேட்பதையும் நிறுத்தினார். மருந்துச் சீட்டு, பால் கார்டு, சுவர் விளம்பரம் என்று கிடைத்ததையெல்லாம் விரல் வைத்துப் படித்துக்கொண்டு, வலி வரும்போது மட்டும் வாயைத் துணியால் கட்டிக்கொள்வார், அவளுக்குக் கேட்காமல். நாற்பது நாள் அப்படிப் போனது. நாற்பத்தோராம் நாள் மகள் பழைய பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு நேரக்காரிக்கு ஆள் அனுப்பினாள்.

நேரக்காரி கோணிப்போன கையோடு வந்து முன்னறையில் ஸ்டூலைப் போட்டு நான்கு நாள் வெளிச்சம் பார்த்தார். அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். காலை ஏழு பத்து, சவரம். ஏழு நாற்பது, கிழக்கு ஜன்னல், பேரப்பிள்ளைகளோடு படம். பதினொன்று, உறவினர் வருகை. பதினொன்றரை, சண்டை, அரை மணி. சாப்பாடு. ஐந்து இருபது, வாசல் சுவர், மகளும் மாப்பிள்ளையும் இரும்பும் கூட நிற்க. எழுதி முடித்துப் பேப்பரை அப்பாவின் மடியில் வைத்தாள். அவர் விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தி, உதடு அசைய, நெடுநேரம் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"ஆறு இரண்டிலேருந்து ஆறு ஐந்து வரைக்கும், அப்பா" என்று சத்தமாகப் படித்தார். "மூணு நிமிஷம் எதுக்கு? ஒண்ணு போதுமே."

"மூணு இருக்கட்டும்பா" என்றாள்.

அன்று சண்டையில் இரண்டு பல் மட்டும் போனது. படங்கள் நன்றாக வந்திருக்கின்றன. ஆறு ஐந்துக்குச் சூரியன் யாருக்காகவும் காத்திருக்காமல் இறங்கியது, மகள் கட்டிலிலிருந்து துணியை எடுத்துக்கொண்டு அலசப் போனாள்.