மீசையின் டூட்டி

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது: எங்கள் நீரேற்று நிலைய அலுவலகத்தில் ஆவி நடமாடுவதை நிர்வாகம் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. கூட்டக் குறிப்பில் மேலாளர் கையெழுத்தும் போட்டாகிவிட்டது.

ஆவியின் பெயர் மீசை. இருபது நாள் முன்பு மாரடைப்பில் போய்ச்சேர்ந்த எங்கள் புரோகிராமர். அவர் எழுதிய ஜாவா புரோகிராம் தினமும் காலை எட்டு மணிக்குத் தானாக ஓடி, 'இன்று நீங்கள் பொறுப்பு' என்று டூட்டிக்காரருக்குச் செய்தி அனுப்பும். யாருக்கு என்பதை ஓடவிடும் கட்டளையிலேயே கொடுக்க வேண்டும். அவர் இடத்துக்கு வந்தவள் தன் பெயரைத்தான் கொடுத்தாள். செய்தி மீசையின் போனுக்கே போனது.

புரோகிராம் எழுதும் ஐ.டி.இ. மென்பொருளில் அவளே ஓட்டிப் பார்த்தால் திரையில் அவள் பெயர். காலை எட்டுக்கு மீசை. நாற்காலிகூட அவர் முதுகுக்குப் பழகிய பக்கமே சாய்ந்தது.

"மிஷினுக்கும் விசுவாசம் இருக்கும்மா," என்றார் மேலாளர், கண்ணை மூடிக்கொண்டு.

"அப்ப என் லீவு லெட்டர்லயும் அவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்க சார்."

அன்று மீசையின் மனைவி அழைத்தார்.

"தம்பி வீட்டோட வந்துடுன்னு கூப்பிடுறான்மா. இவரு போனுக்கு மெசேஜ் வருது, தினம் டூட்டில இருக்காரே, நான் எப்படிப் போறது? கதவைக்கூடத் தாழ் போடறதில்ல."

மதியம் முழுக்க அவள் புரோகிராமைத் தோண்டினாள்.

காலை ஓட்டம், புரோகிராமைத் தொகுத்து ஓட்டிவிடும் கிரேடில் என்ற பில்ட் டூல் வழியாக. கட்டளையில் கொடுத்த பெயரை அது தனக்கென்று வைத்துக்கொண்டது; தான் கிளப்பிவிடும் புரோகிராமுக்குக் கைமாற்றவில்லை. ஐ.டி.இ. நேராகப் புரோகிராமின் கையிலேயே கொடுத்துவிடும். பெயர் வராவிட்டால், மீசை சோதனைக்காக உள்ளே எழுதிவைத்த பெயரை புரோகிராம் எடுத்துக்கொள்ளும். அது அவருடைய பெயர். ஊரார் டூட்டியையெல்லாம் அவரே இழுத்துப்போட்டுக்கொண்டதால், உயிரோடு இருந்தவரை யாருக்கும் இது தெரியவில்லை.

கிரேடிலின் பில்ட் கோப்பில், பெயரைக் கைமாற்றச் சொல்லி ஒரு வரி சேர்த்தாள். மறுநாள் எட்டுக்கு அவள் போன் அதிர்ந்தது. 'ஆவி சாந்தியடைந்தது' என்று மேலாளர் சுற்றறிக்கை விட்டார்.

எட்டேகாலுக்கு மீசையின் மனைவியிடமிருந்து அழைப்பு.

"இன்னைக்கு மெசேஜ் ஏம்மா வரல?"

"அது புரோகிராம்ல இருந்த தப்புக்கா. சரி பண்ணிட்டேன். நீங்க தம்பி வீட்டுக்குக் கிளம்புங்க."



"மறுபடி அதே தப்பைப் பண்ண முடியாதாம்மா?"

"முடியாதுக்கா."

முடியும். அரை நிமிட வேலை.