இருபத்திரண்டு கையெழுத்து

கயிற்றின் ஒரு முனையை ஆணியில் கட்டிவிட்டு, மறுமுனையை இழுத்துக்கொண்டு மலர்விழி நடந்தாள். நூறு மீட்டர். கயிறு விறைத்ததும் இரண்டாவது ஆணியைக் கல்லால் அடித்தாள். பிறகு பெயிண்ட் டப்பாவை எடுத்தாள். அதன் அடியில் அவளே ஆணியால் போட்ட துளைகள் இருந்தன. சுண்ணாம்புத் தூளை நிரப்பி, மூக்கை முந்தானையால் கட்டிக்கொண்டு, கயிற்றின் மேலேயே டப்பாவைக் குலுக்கியபடி பின்னோக்கி நடந்தாள். கோடு போடும் வண்டி உடைந்து இரண்டு வருடம் ஆகிறது.

திண்டிவனத்திலிருந்து முதல் பாசஞ்சரில் வந்திருந்தாள். விழுப்புரம் மைதானத்தில் இன்னும் வெயில் ஏறவில்லை. சனிக்கிழமை பெண்கள் கால்பந்துப் போட்டி. அதற்குள் எல்லாக் கோடுகளையும் இரண்டு முறை போட வேண்டும்.

வலது மூலைக்கு வந்ததும் நின்றாள். கொடிக்கம்பத்தைச் சுற்றி நேற்று சாயங்காலம் போட்ட கால்வட்டம் கலைந்திருந்தது. முழுவதும் இல்லை. நடுவில் மட்டும், ஒரு குதிகால் அளவுக்கு மண் தெரிந்தது.

"மறுபடியும் அந்த மூலையா?" மேற்பார்வையாளர் ஜெகதீசன் பைக்கை நிறுத்திவிட்டு வந்தார். "நாயி படுக்குது மலரு. கல்ல விட்டு எறி."

"நாயி படுத்தா மொத்தமா அழியும் சார். இது குதிகால் அளவுதான்."

"அப்ப பேய்தான். பேய்க்குன்னு தனியா சுண்ணாம்பு வாங்க முடியாது, சொல்லிடு அதுங்கிட்ட."

அவள் குனிந்து அந்த இடத்தில் மட்டும் தூளைத் தூவினாள். அந்தக் காலத்தில் அவளோடு ஆடிய நாசியா கார்னர் அடிப்பதற்கு முன்பு இடது குதிகாலால் வட்டத்தைத் தேய்ப்பாள். ஒரு முறை இல்லை, மூன்று முறை.

ஜெகதீசன் ஒரு ஃபிளெக்ஸ் சுருளைக் கொண்டுவந்திருந்தார். புல்லில் விரித்தார்கள். இருபது அடி நீளம். தேசியப் பெண்கள் கால்பந்து அணியின் வரலாறு, வருடவாரியாக, படங்களோடு. முதல் படத்தில் பெண்கள் ஜடை போட்டு நின்றார்கள். கடைசிப் படத்தில் எல்லோரும் ஒரே மாதிரி குதிரைவால் கட்டியிருந்தார்கள்.

"எழுத்து சரியா கீதான்னு பாரு. எங்கண்ணாடி ஊட்ல கீது."

அவள் தவழ்ந்தபடி படித்தாள். பாதிக்கு மேல் போனதும் கை நின்றது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் இரண்டு முழ அகலத்துக்கு வெறும் வெள்ளை.

"நடுவுல ரெண்டு வருசம் காணோம் சார்."

"அப்ப மேட்ச்சே இல்லியாம். ஆடாத வருசத்துக்கு இன்னாத்தப் போடுவாங்க?"

"கேம்ப் இருந்துச்சு. நான் இருந்தேன்."

"கேம்ப்ப யாரு எழுதுவா?" ஜெகதீசன் ஒரு முனையிலிருந்து சுருட்டத் தொடங்கினார். பிறகு நிறுத்தினார். "புதன்கிழமை சர்ட்டிபிகேட்டெல்லாம் சரிபாக்குறாங்க, ஞாபகம் கீதா? மைதானத்துக்கு ஒரே ஒரு நிரந்தரப் போஸ்ட்டு. நாட்டுக்கு ஆடுனவங்களுக்குத்தான். நீ வெச்சிருக்கிற முகாம் சர்ட்டிபிகேட் பத்தாது. ஆடுன மேட்ச்சோட ஷீட் வேணும்."

"ஷீட் கீது சார்."

"எங்க?"

"கோட்டக்குப்பத்துல."

"நாப்பது வயசுக்குள்ளதான் எடுப்பாங்க. உனுக்கு நாப்பது முடியறது எப்போ?"

"வர்ற மாசம் பதினொண்ணு."

"காண்ட்ராக்டு இந்த மாசத்தோட சரி. புதுசா எடுக்கிறவன் ஆம்பளைங்களத்தான் வெப்பானாம்." அவர் சுருளைத் தோளில் தூக்கினார். "ஜல்தியா அத வாங்கிக்கினு வா."

காண்ட்ராக்ட் போனால் திண்டிவனத்து மல்லாட்டை மில்லுக்குத்தான் திரும்ப வேண்டும். அங்கே மூன்று வருடம் வேர்க்கடலைத் தோல் பிரித்தாள். இரண்டாவது வருடமே சளியில் சிவப்பு கலந்து வந்தது. இன்னொரு முறை அந்தத் தூசியில் நிற்கக் கூடாது என்று அரசு ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் வேலை முடிந்து பாண்டிச்சேரி பஸ் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண் அசந்தபோது வலது கை தானாக மேலே போய் ஜன்னல் கம்பியில் இடித்தது. பக்கத்தில் இருந்த பெண் விலகி உட்கார்ந்தாள்.

"கனவு," என்றாள் மலர்விழி.

இந்திய அணிக்கான நாற்பத்தொரு நாள் முகாம். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. கோல்கீப்பர். நாசியா வலது ஓரத்தில் ஓடுபவள். மாவட்டத்திலிருந்து அவர்கள் இரண்டு பேர்தான். கடைசி வாரத்தில் வெளிநாட்டுப் பயணம் ரத்து என்றார்கள். காரணம் சொல்லவில்லை. சட்டைகள் மட்டும் வந்து சேர்ந்திருந்தன, நெஞ்சில் நாட்டின் பெயரோடு.

திருப்பி அனுப்பும் முன்பு ஒரு தடவையாவது வேர்வையில் நனையட்டும் என்றார் பயிற்சியாளர். இருபத்திரண்டு பேரையும் இரண்டாகப் பிரித்தார். நடுவரை வரவழைத்தார். தேசிய கீதம் பாடினார்கள். எல்லாச் சட்டையும் ஒரே நீலம் என்பதால் ஓர் அணி உள்புறத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டது. மலர்விழி அந்த அணியில் இருந்தாள். தொண்ணூறு நிமிடமும் அந்த எழுத்துகள் அவள் நெஞ்சை உராய்ந்தன. எழுபத்தோராவது நிமிடம் நாசியா வலது மூலையிலிருந்து அடித்தாள். காற்று பந்தை வளைத்தது. மலர்விழியின் விரல் நுனியைத் தொட்டுக்கொண்டு உள்ளே போனது.

ஆட்டத் தாளில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கோல் போட்டவளுக்குப் பந்தைக் கொடுப்பது வழக்கம். பந்து முகாமுக்குச் சொந்தம். அதனால் தாளை நாசியாவிடம் கொடுத்தார்கள். பிறகு சட்டைகளைத் துவைத்துக் காயவைத்து எண்ணிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினார்கள்.

கோட்டக்குப்பத்தில் நாசியாவின் அம்மா ஃபாத்திமா பீவி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்ததும் கையைக் கழுவினாள்.

"வா புள்ள. ஏழு வருசம் கழிச்சு இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

"வேலைம்மா."

"எல்லாருக்கும் வேலைதான். உக்காரு. டீ போடறேன்."

"வேணாம்மா. ஒரு தாள் கேக்க வந்தேன்."

ஃபாத்திமா பீவி எந்தத் தாள் என்று கேட்கவில்லை. உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை இருந்தது.

"குவைத்துல இருந்து அவ பொட்டி மட்டுந்தான் வந்துச்சு. அடக்கம் அங்கியே பண்ணிட்டாங்க. ரெண்டு வருசம் அந்த ஊட்ல வேலை செஞ்சவ பொட்டியில நாலு உடுப்பு, ஒரு செருப்பு, இது." உறையைத் தடவினாள். "நாப்பத்தொரு நாளு மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் படிக்கிறேன்னு சொல்லிட்டுப் போனா. அவங்க அத்தா மௌத்தாயி கண்ண மூடற வரிக்கும் அதத்தான் நம்பிக்கினு இருந்தாரு. பெரிய பொய்க்காரி."

"கம்ப்யூட்டர நாங்க கண்ணால கூடப் பாக்கலம்மா."

ஃபாத்திமா பீவி சிரித்தாள். சிரிப்பு சீக்கிரம் நின்றது.

"அவ பேரு எதுக்கு நேரா கீது? காட்டு."

மலர்விழி காட்டினாள். ஏழாம் எண். பக்கத்தில் கையெழுத்து, கடைசி எழுத்தின் வால் கீழே இழுத்துக்கொண்டு போனது.

"ஜெயிச்சது யாரு?"

"இந்தியா."

"தோத்தது?"

"நாங்கதாம்மா."

ஃபாத்திமா பீவி தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவள அடக்கம் பண்ண எடத்த நான் பாக்கல. எனக்கு இதுதான். வெள்ளிக்கெழமைக்குள்ள திரும்பி வரணும் புள்ள."

"கொண்டாந்துடறேன்."

புதன்கிழமை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் அவள் ஒன்பதாவது ஆள். முன்னால் கபடிக்காரர்கள், ஒரு வாள்வீச்சுப் பெண். எல்லோரிடமும் பைண்ட் செய்த கோப்பு இருந்தது. மலர்விழி உறையைச் சாப்பாட்டுப் பைக்குள் நேராக வைத்துப் பிடித்திருந்தாள்.

கம்ப்யூட்டர் முன்னால் சித்ரா என்ற எழுத்தர் இருந்தாள். முப்பது வயது இருக்கும். மலர்விழியின் பெயர், பிறந்த தேதி, மாவட்டம் எல்லாம் தட்டினாள். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"பழசா இருந்தாலும் நல்லா வெச்சிருக்கீங்க. கையெழுத்து எல்லாம் தெளிவா கீது. எதிரணி எந்த நாடு?"

"அதுலயே கீது மேடம்."

சித்ரா மறுபடி பார்த்தாள். இடது பக்கம் இந்தியா. வலது பக்கம் இந்தியா.

"தப்பா எழுதிட்டாங்களா?"

"இல்லீங்க. அப்படித்தான் ஆடுனோம். வேற நாடு வரல. நாங்களும் போவல."

"ரெண்டு பக்கமும் நாமளே எப்படிங்க?"

"ஒரு பக்கம் சட்டைய உள்ளாரத் திருப்பிப் போட்டுக்கினோம்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சித்ரா சிரிக்கவில்லை. திரையில் நாடுகளின் பட்டியலை இறக்கினாள். மலர்விழிக்கும் தெரிந்தது. ஹங்கேரி. ஐஸ்லாந்து. அடுத்து நேராக இந்தோனேசியா. சித்ரா மேலே போய்த் திரும்பவும் வந்தாள். ஐஸ்லாந்து. இந்தோனேசியா.

"நம்ம நாடு இதுல இல்ல. இந்தக் கட்டம் காலியா இருந்தா அடுத்த பக்கம் போவாது."

சித்ரா குரலைத் தாழ்த்தினாள்.

"நேபாளம்னு போட்டுடட்டா? பக்கத்து நாடு, அடிக்கடி ஆடுறதுதானே. உள்ள போயிடும். ஆனா இந்தத் தாளச் சேக்க முடியாது. வேற ஏதாச்சும் பேப்பர் இருக்குதா?"

"வேற இல்லீங்க."

"தாள் இல்லாம அனுப்புனா மேல கூப்ட்டுக் கேப்பாங்க. பாத்துப் பதில் சொல்லுவீங்களா? கோல் யாரு போட்டதுன்னு கேட்டா?"

"நாசியா."

"யாருக்கு எதிரா?"

"எனக்கு எதிரா."

சித்ரா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். திரையில் அந்தக் கட்டத்தின் ஓரம் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது.

"முகாம் சர்ட்டிபிகேட்ட வெச்சு ஒரு மனு எழுதிக் குடுங்க. நான் வாங்கி அனுப்பறேன்."

"எத்தினி நாள் ஆவும்ங்க?"

"மூணு மாசம்."

"அதுக்குள்ள நாப்பது முடிஞ்சிடும்."

சித்ரா தாளை உறைக்குள் போட்டு ஜிப்பை மூடிக் கொடுத்தாள். மூடியதை இன்னொரு முறை விரலால் அழுத்திவிட்டாள். "அடுத்தவங்க வாங்க," என்றாள்.

வியாழக்கிழமை தாளைத் திருப்பிக் கொடுத்தாள். ஃபாத்திமா பீவி உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே வாங்கிக்கொண்டாள்.

"செல்லுச்சா?"

"செல்லலம்மா."

"அப்ப அவ கையெழுத்தும் செல்லாதா?"

மலர்விழி தெருவில் இறங்கி நடந்தாள். பஸ் வரும் வரைக்கும் அந்தக் கேள்வி பின்னால் நின்றுகொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலை கிழக்கிலிருந்து காற்று அடித்தது. அவள் இரண்டு ஈடு கோடு போட்டு முடித்திருந்தாள். வலது மூலை வட்டத்தைக் கடைசியில் போட்டாள். யாரும் மிதிக்காதபடி இரண்டு செங்கலை வைத்தாள்.

ஃபிளெக்ஸைக் கம்புகளில் கட்டியதும் அது பாய்மரம் மாதிரி உப்பியது. கம்பு வளைந்தது. ஜெகதீசன் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்.

"இன்னாடா இது பேஜாரு! மலரு, கத்திய எடு. காத்து போவ ஓட்டை போடு. இல்லாட்டி கிழிஞ்சிடும்."

அவள் ஏணியில் ஏறினாள்.

"மூஞ்சி மேல போடாத! எழுத்து மேலயும் வேணாம்," கீழேயிருந்து கத்தினார். "நடுவுல சும்மா வெள்ளையா கெடக்குது பாரு, அங்க போடு."

கத்தியை வைத்து அரை வட்டமாக இழுத்தாள். துணி கிழிகிற சத்தம் வந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று. கை வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை.

"போதும், போதும். எத்தினி போடுவ?"

"முடிஞ்சிடுச்சு சார்." இருபத்திரண்டாவதை இழுத்துவிட்டு இறங்கினாள்.

காற்று அந்த இடத்தில் மட்டும் நுழைந்து வெளியேறியது. வெட்டிய நாக்குகள் ஒவ்வொன்றாக உள்ளே மடங்கித் திறந்தன. இரண்டு பக்கமும் படங்களில் இருந்த பெண்கள் அசையாமல் நின்றார்கள்.

"இப்ப பாரு, எப்டி நிக்குது," என்றார் ஜெகதீசன். விருந்தினர் வண்டி வருவதைப் பார்த்து ஓடினார்.

மலர்விழி பின்னால் போய்த் தளர்ந்த கயிற்றை இழுத்துக் கட்டினாள். முகத்துக்கு நேராக இருந்த துளையில் காற்று வந்தது. அது திறந்தபோது மைதானம் தெரிந்தது. அணிகள் இன்னும் இறங்கவில்லை. வலது மூலையில் செங்கல் இரண்டும் வைத்த இடத்திலேயே இருந்தன. அவற்றுக்கு நடுவில், குதிகால் தேய்த்தது போல, சுண்ணாம்பு லேசாகப் புகைந்தது. ஒரு முறை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும். துளை மூடித் திறந்தது. மூன்றாவது முறை. அவளுடைய வலது கை கயிற்றை விட்டுவிட்டுத் தலைக்கு மேலே உயர்ந்து நின்றது.