மூன்று வரித் தலைவர்

அந்த வருஷம் மடைத் தண்ணீர் முறையையும் கம்ப்யூட்டரில் அடித்துவிட்டார்கள். தேனியில் அச்சான ரோஸ் தாள். ஓரத்தில் கிழமை, நடுவில் பேர், கடைசியில் ஆள்கணக்கு. எவன் அன்றைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறானோ, அவன் வாய்க்கால் தூர்வார நாலு ஆள் அனுப்ப வேண்டும். சங்கத்தின் ஏற்பாடு அது.

சீனிச்சாமி எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எதையும் நம்ப மாட்டார். செவ்வாய் அவருடைய முறை. தாளில் செவ்வாய்க்கு நேராக அவர் பேரைக் காணோம். ‘முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர்’ என்று இருந்தது. புதனுக்கு நேராக ‘தலைவர், மடைப்பாசன விவசாயிகள் சங்கம்’. இரண்டுமே திங்கட்கிழமைக்காரர் ஈஸ்வரபாண்டியின் வால். பேரும் பட்டமுமாக மூன்று வரி நீண்டதில் சீனிச்சாமி வியாழனுக்கு இறங்கிவிட்டார். கடைசி இருவர், மாயக்காளும் சுருளியாண்டியும், ஞாயிறுக்கும் கீழே கிழமையே இல்லாமல் தொங்கினார்கள்.

வியாழன்வரை அவருடைய வாழைக்கன்று தாங்காது. இப்போதே வெயிலில் சுருண்டு கிடந்தது. பஸ் ஏறித் தேனி அச்சகத்துக்குப் போனார்.

“ஏ ஆத்தா, எம் பேரை எதுக்குக் கீழ தள்ளுன?”

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த சொர்ணலதா தாளை வாங்கிப் பார்த்தாள். “நான் தள்ளல தாத்தா. தலைவருக்கு மட்டும் ஒரே கட்டத்துல மூணு வரி. கட்டத்தை உசத்தி அடியில கோடு போட்டா எல்லாரும் அவுகவுக கிழமையில நிப்பாக. தலைவர்தான் கோடே வேணாம்னுட்டாக.”

“ஏனாம்?”

“ரேஷன் கார்டு மாதிரி இருக்காம்.”

“எழுத்தைச் சின்னதாக்கி ஒரே வரியில அடிக்க வேண்டியதுதான?”

“ஆக்கினேன். ‘என்னையவா சின்னதாக்குற?’ன்னு ஒரே சத்தம்.”

“இப்பத் திருத்தி அடி.”

“தலைவர் சொன்னாத்தான் அடிப்பேன் தாத்தா.”

செவ்வாய் காலை மடைக்குப் போனார். தண்ணீர் ஈஸ்வரபாண்டியின் கரும்புக்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் வெள்ளை வேட்டியோடு வரப்பில் நின்றார். முறை தெரியாமல் நாலைந்து பேர் அங்கே கூடியிருந்தார்கள்.

“என்ன மாமா, ஒங்களுக்கு வியாழக்கிழமைல்ல? நோட்டீசைப் பாக்கலையா? அச்சுல வந்தா வந்ததுதான்,” என்றார் தலைவர்.

“வந்ததுதான் மாப்ள. யாரு இல்லேன்னா?” சீனிச்சாமி தாளை விரித்தார். “தூர்வார ஒன் ஆளுகளைத்தான் தேடுறேன். நேத்து நாலு ஆளு, இன்னைக்கு நாலு, நாளைக்கும் நாலு. எல்லாம் ஒனக்கு நேராத்தான போட்டிருக்கு?”

“எனக்குக் கிழமையே இல்ல. நான் ஆளு அனுப்ப வேண்டியதில்ல,” என்றாள் மாயக்காள். “மகராசன் நல்லா இருக்கட்டும். எங்க பங்குக்கும் சேத்து வாரட்டும்.”

சுருளியாண்டி அடக்க முடியாமல் சிரித்துவிட்டான்.

ஈஸ்வரபாண்டி வாய்க்காலின் நீளத்தைப் பார்த்தார். ஆள் கூலியை நினைத்திருப்பார்போல. “அது... அந்தக் கம்ப்யூட்டர்ப் புள்ள பண்ணுன தப்பு மாமா.”

“எது தப்பு? தண்ணியா, ஆளா?”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தலைவரே இறங்கி மடைப்பலகையை மாற்றினார். தண்ணீர் வாழைப்பக்கம் திரும்பியது.

“கோடு போட்டு வேற அடிக்கச் சொல்றேன். நீங்க வீட்டுக்குப் போங்க மாமா, தண்ணி தன்னால பாயும்.”

சீனிச்சாமி மண்வெட்டியை மடைவாயில் குறுக்கே போட்டு, அதன் கம்பின்மேல் உட்கார்ந்தார்.

“நீ போ மாப்ள. புது நோட்டீசு வர்ற வரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன்.”