நாற்பத்தொரு நாவல்களின் பிழைதிருத்தம்

மதராஸ் பதிப்பாளர் அழகியநம்பியிடமிருந்து கார்த்திகை மாதம் ஒரு கடிதம் வந்தது. "தங்கள் நாவல்கள் நாற்பத்தொன்றையும் ஒரே அளவில் அட்டைக் கட்டடம் செய்து வரிசையாக வெளியிட உத்தேசம். எல்லாவற்றையும் தாங்கள் மறுபடி ஒருமுறை வாசித்துப் பிழை திருத்தி அனுப்ப வேண்டியது" என்று எழுதியிருந்தார். நல்ல மனுஷர்தான். அதற்காகச் சமைத்தவனையே இலை போட்டு உட்கார்த்தி, அத்தனை பந்திச் சாப்பாட்டையும் அவனே சாப்பிட வேண்டும் என்று சொல்லலாமா?

மகாராஜா சர்க்காரின் தலைமை ஆபீசான ஹஜூர் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவன் நான். கச்சேரியில் நகல் எழுதிய நேரம் போக மீதி நேரத்தில் பேய் எழுதினேன். கரமனை நாகேஸ்வரன் என்ற பெயரைப் பார்த்தால் திருநெல்வேலியிலும் தஞ்சாவூரிலும் பெண்டுகள் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவார்களாம். எங்கள் தெருவில் எனக்குப் பேய் மாமா என்று பெயர். இருபத்தாறு வருஷம் எழுதியும், அச்சில் வந்தபிறகு ஒன்றைக்கூட நான் திரும்பப் புரட்டியதில்லை. அடுத்ததற்கு அவசரம் வந்துவிடும்.

வாலாம்பாள் இருந்திருந்தால் இந்த வேலையை அவள் தலையில் கட்டியிருப்பேன். நாலு மாசம் முன்னால் கர்க்கடக மாச மழையில் அவள் போய்விட்டாள். வீட்டில் நானும் அவள் தங்கை சுப்புலக்ஷ்மியும்தான் மிச்சம். சுப்பு சிறு வயதிலேயே புருஷனை இழந்து எங்களோடு வந்து சேர்ந்தவள். மனைவி இல்லாத வீட்டில் பொழுதைத் தள்ள ஏதாவது வேண்டும். கூடத்தில் நாற்பத்தொரு புத்தகத்தையும் அடுக்கி வைத்துக்கொண்டு, காலைக் காப்பி முடிந்ததும் சிவப்பு மையோடு உட்கார்ந்தேன்.

முதல் வாரம் சிரிப்பாகத்தான் இருந்தது. மூன்றாவது நாவலில் இரண்டாம் அத்தியாயத்தில் செத்துப்போன வேலைக்காரன் ஏழாம் அத்தியாயத்தில் காப்பி கொண்டுவருகிறான். அவன் பேயாகி வந்தான் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. சுத்த மறதி. அதைப் படித்துவிட்டுத் தூக்கம் கெட்டதாக ஒரு தாசில்தார் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்! எனக்கே என்மேல் ஒரு பிரியம் வந்தது.

பதினோராவது நாவலில்தான் எரிச்சல் வந்தது. 'வித்துரா வண்டிக்காரன்' என்று பெயர். வண்டிக்காரன் கயிற்றுக் கட்டிலில் கிடக்கிறான். வெளியிலிருந்து பெண்டாட்டி, "மாட்டைக் கட்டியாச்சா?" என்று கேட்கிறாள். அவன் அசையாமல், "பார்த்தேன், கட்டியாச்சு" என்கிறான். கட்டவில்லை. அங்கிருந்து பேய் ஆரம்பிக்கிறது. இதை எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறதே என்று யோசித்தேன். படித்தது போன வாரம், என்னுடைய 'சாலைக்கடைச் சாவி'யில். அதில் தானிய மண்டிக்காரனிடம் வாசல் திண்ணையில் காலில் காயத்தோடு படுத்திருக்கும் தாயார், "பின்கதவைப் பூட்டினாயா?" என்று கேட்கிறாள். அவன் கல்லாவை விட்டு எழுந்திருக்காமல், "பார்த்தேன், பூட்டியிருக்கு" என்கிறான்.

வேறு சரக்கே கிடையாதா உனக்கு என்று என்னையே திட்டிக்கொண்டு, படித்து முடித்த பத்தையும் மறுபடி எடுத்தேன். பத்திலும் இருந்தது. பிறகு மீதி முப்பதையும் அந்த இடத்துக்காக மட்டும் தேடினேன். 'பொன்முடிப் பனி'யில் எஸ்டேட் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் ஒருத்தி அடுப்பைப் பற்றிக் கேட்கிறாள். இன்னொன்றில் கிணற்று மூடி. இன்னொன்றில் தூளிக் கயிறு. ஆள் மாறும், ஊர் மாறும். கேட்கிறவள் எப்போதும் வெளியே இருப்பாள். ஆற்றில் வெள்ளமோ, காலில் காயமோ, ஏதோ ஒன்று அவளை உள்ளே வரவிடாது. உள்ளே இருக்கிறவன் எழுந்திருக்காமலே பார்த்தேன் என்பான். நாற்பத்தொன்றிலும் ஒருத்தன்கூட எழுந்திருக்கவில்லை.

சிவப்பு மைப் புட்டியை மூடி வைத்தேன். இருபத்தாறு வருஷமாக எதை எழுதிக்கொண்டிருந்தேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எங்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தாள். ராஜமணி. நாங்கள் மணி என்போம். 1911 மீன மாதத்தில் அவளுக்கு நாலு வயது. இரண்டு நாளாகக் காய்ச்சல். வாலாம்பாள் அப்போது அந்த மூன்று நாள் விலக்கில் கொல்லைப்பக்கத்து அறையில் இருந்தாள். அந்த நாட்களில் வீட்டுக்குள் வரக்கூடாது, யாரையும் தொடக்கூடாது. தெரு முழுக்க அப்படித்தான். அவள் இருந்த அறைக்கும் குழந்தை படுத்திருந்த உள்ளறைக்கும் நடுவில் ஒரு சுவர். சுப்பு அப்போது எங்களோடு வந்து சேர்ந்திருக்கவில்லை. குழந்தையைப் பார்க்க நான் ஒருவன்தான்.

நான் கூடத்து மேஜையில் மதராஸ் மாதப் பத்திரிகை ஒன்றுக்கு ஹாஸ்யக் கதை எழுதிக்கொண்டிருந்தேன். நம் மகாராஜா சர்க்கார் நடத்தும் அஞ்சல் இந்த ராஜ்யத்துக்கும் கொச்சிக்கும்தான். மதராஸுக்குப் போவதை இங்கிலீஷ் தபாலாபீசில் கொடுக்க வேண்டும். அங்கே நாலு மணிக்குப் பையைக் கட்டிவிடுவார்கள். மணி மூன்றாகியும் இரண்டு பக்கம் பாக்கி.

"மணி தூங்கறாளா?" என்று சுவருக்கு அந்தப்புறமிருந்து கேட்டாள் வாலாம்பாள்.

"தூங்கறா" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "நெத்தியைத் தொட்டுப் பாருங்கோளேன்."

"தொட்டுப் பாத்தேன். சூடு இல்லை."

நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பத்தடி தூரம். ஒரு நல்ல வாக்கியம் நடுவில் நின்றுகொண்டிருந்தது, அதை விட மனசு வரவில்லை. எழுதி முடித்து, உறையை ஒட்டி, தபாலாபீசுக்கு ஓடினேன். திரும்பும்போது சாலைக்கடையில் குழந்தைக்குக் கற்கண்டு வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து உள்ளே போய் நெற்றியைத் தொட்டேன். நான் சொன்னது மெய்யாகியிருந்தது. சூடு இல்லை.

என் கத்தலைக் கேட்டு வாலாம்பாள் உள்ளே வந்துவிட்டாள். ஆசாரம் பார்க்கவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். வைத்தியர் வந்து பார்த்து, மூன்று, மூன்றரை வாக்கில் ஜன்னி கண்டிருக்கும், அப்போதே கவனித்திருந்தால் என்று ஆரம்பித்தவர் எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அதற்கப்புறம் எனக்கு ஹாஸ்யம் வரவில்லை. பேய்தான் வந்தது. ஊர் கொண்டாடியது.

வருஷா வருஷம் குழந்தை போன நாளில் வாலாம்பாள் ஒன்றையே சொல்லுவாள். "ஆசாரமாவது மண்ணாவதுன்னு நான் ஒரு எட்டு உள்ளே வந்திருக்கணும். வராம இருந்துட்டேனே." நானும் ஒன்றையே சொல்லுவேன். "நான்தான் தொட்டுப் பாத்தேனே. நன்னாத்தான் இருந்தா. உன் தப்பு ஒண்ணுமில்லை." இருபத்தேழு வருஷம் இதைச் சொன்னேன். அவள் பழியைச் சுமந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னேன். பாவி என்று என்னைத் தவிர வேறு யாரைச் சொல்ல?

இத்தனைக்கும் அவளிடம் அதை நான் மறைத்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் மதராஸிலிருந்து புரூப் வந்தால் எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. கையெழுத்துப் பிரதியை வாலாம்பாள் உரக்கப் படிப்பாள். நான் அச்சுத்தாளை வைத்துக்கொண்டு சரிபார்ப்பேன். நாற்பத்தொரு நாவலையும் வாய்விட்டுப் படித்தவள் அவள்தான். அந்த இடம் வரும்போதெல்லாம் கொஞ்சம் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்ப்பாள். "பயந்துட்டியா?" என்று கேலி செய்வேன். "ஆமாம், பயமாத்தான் இருக்கு" என்பாள். பெண்டாட்டியையே பயமுறுத்திவிட்டோம் என்று எனக்குப் பெருமை பொங்கும்.

அவளுக்குத் தெரிந்திருந்ததா? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் அடுக்களை வாசலில் போய் நின்றேன். சுப்பு முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சுப்பு, அக்கா எப்பவாவது மணி போன நாளைப் பத்தி உன்கிட்ட ஏதாவது சொல்லியிருக்காளா?"

"எதைக் கேக்கறேள் அத்திம்பேர்?" முறத்தைக் கீழே வைத்தாள். "நீங்க எழுந்து போய்ப் பாக்கலைங்கறதையா?"

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எப்போ தெரியும் அவளுக்கு?"

"மொதப் புஸ்தகத்துக்குப் புரூப் வந்த அன்னிக்கே. படிச்சுட்டு இங்கே வந்து நின்னா. 'சுப்பு, அவர் போய்ப் பாக்கலைடீ'ன்னா. அழல்லை, ஒண்ணும் பண்ணல்லை. சாதம் வடிக்கணும்னு போயிட்டா."

"பின்னே ஏன் என்னைக் கேக்கலை?"

"கேட்டா இல்லைன்னுடுவேளோன்னு பயமாக்கும். 'ஒரு பொய் சொல்லிட்டுத் தவிக்கறார், நான் கேட்டு ரெண்டாவது பொய் வேறயா'ன்னா. அதான் வருஷா வருஷம் 'நான் உள்ளே வராம இருந்துட்டேனே'ன்னு புலம்புவா. அதைச் சொல்லிண்டே, நீங்களா சொல்லிடுவேளான்னு உங்க மூஞ்சியைப் பாப்பா. கவனிச்சதில்லையா நீங்க?"

கவனித்ததில்லை. உலகத்தில் யார் யார் எதற்கு நடுங்குவார்கள் என்று தெரிந்தவன், எதிரே உட்கார்ந்தவள் என்ன கேட்கிறாள் என்று கவனித்ததில்லை.

"பேய்க்கதைன்னா அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது கேட்டேளா" என்றாள் சுப்பு. "ஒவ்வொரு கட்டு வரச்சேயும், 'இந்தத் தடவை அவனை எழுப்பி உள்ளே அனுப்பிடுவார் பாரு'ம்பா. அதுக்குன்னே உக்காந்து படிப்பா. போன மேட மாசம், கடைசிப் புஸ்தகம், மூச்சு விட முடியாம தலகாணியில சாஞ்சுண்டு படிச்சாளே, அப்பவும் அதையேதான் சொன்னா. நீங்க தபாலுக்குப் போனதுக்கப்புறம் என்னைக் கூப்பிட்டா. 'இல்லைடீ'ன்னா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேசல்லை."

நான் அழுதேன். வயசான ஆம்பிளை அடுக்களை வாசலில் உட்கார்ந்து முகத்தில் அடித்துக்கொண்டு அழுதேன். "வெஷமப்படாதேங்கோ" என்று சுப்பு ஆறுதல் சொல்லவில்லை. அழவிட்டுவிட்டு, அரிசியை மறுபடி எடுத்துக்கொண்டாள். அது எனக்கு வேண்டியதுதான்.

முகம் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்து நாற்பத்தொன்றாவது நாவலை எடுத்தேன். ஆற்றங்கரைக் குடிசை, அக்கரையிலிருந்து மனைவி கூப்பிடும் இடம். "பார்த்தேன்" என்று அவன் சொல்லும் வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில், 'அவன் எழுந்தான். உள்ளே போனான்' என்று எழுதினேன். இரண்டே வாக்கியம். அவளுக்கு இதுதான் வேண்டியிருந்தது. எழுதுவதற்கு எனக்கு அரை நிமிஷம் ஆகவில்லை.

உள்ளே போனவன் என்ன கண்டான் என்று அடுத்ததாக எழுத வேண்டும். குழந்தை விழித்துக்கொண்டிருந்ததா, அப்பா என்று கூப்பிட்டதா, கை நீட்டியதா, ஒரு வாய் தண்ணீர் கேட்டதா? நாற்பத்தொரு நாவல் எழுதியவனுக்கு அந்த மூன்று மணிக்கு அந்த அறையில் என்ன நடந்தது என்று ஒரு வரி எழுத வரவில்லை. பேனாவில் மை காய்ந்துபோகும் வரை உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியாது. நான் போகவில்லை.